ஓணான் ஓடி ஓடி நிற்பது ஏன்? விடை விலா எலும்புகளில்

வேலியோரம் விரைந்தோடும் ஓணான், சிறிது தொலைவிலேயே சட்டென நின்றுவிடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஆபத்து உள்ளதா எனச் சுற்றுமுற்றும் நோட்டமிட அது நிற்பதுண்டு. ஆனால், மூச்சு வாங்கும் தேவையும் இதில் அடங்கியுள்ளது. வேகமாக ஓடிக்கொண்டே போதிய அளவு சுவாசிப்பது பெரும்பாலான பல்லி இனங்களுக்குக் கடினம்.

மனிதர்கள் உள்ளிட்ட பாலூட்டிகளில், மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள உதரவிதானம் என்ற தசைத்தகடு கீழிறங்கும்போது நுரையீரலுக்குள் காற்று நுழைகிறது. பல்லிகளுக்கு அத்தகைய தசைத்தகடு கிடையாது. அவற்றின் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் சுருங்கி, அந்த எலும்புகளை வெளிப்புறமாகச் சுழற்றுகின்றன. மார்புக்கூடு விரிவதால் உள்ளே அழுத்தம் குறைந்து, காற்று இழுக்கப்படுகிறது. எலும்புகள் மீண்டும் உள்நோக்கித் திரும்பும்போது காற்று வெளியேறுகிறது.

இந்த அசைவை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எலிசபெத் பிரெய்னர்டு உள்ளிட்டோர், பச்சை இகுவானாக்களில் முப்பரிமாண எக்ஸ்ரே படப்பதிவு மூலம் ஆராய்ந்து 2016-ஆம் ஆண்டு வெளியிட்டனர். படுத்திருக்கும் வாளிக் கைப்பிடியை மேலே தூக்குவதைப் போன்ற அசைவே விலா எலும்புகளில் மேலோங்கி இருந்தது.

ஓணானின் தொண்டை இடைவிடாமல் துடிப்பதைக் கண்டு, அதுவே மூச்சு என்று கருதுவோர் உண்டு. ஓய்வு நிலையில் காணப்படும் அந்த மெல்லிய துடிப்பு நுரையீரலை நிரப்புவதில்லை. வாசனையை அறிய உதவுவதாகவே கருதப்படுகிறது. மூச்சைக் காண வேண்டுமானால் விலாப்புறத்தைக் கவனிக்க வேண்டும்.

ஓடத் தொடங்கியதும்தான் சிக்கல் எழுகிறது. பல்லிகள் உடலை இடமும் வலமுமாக வளைத்து ஓடுபவை. மூச்சுக்குப் பயன்படும் விலாப்புறத் தசைகளே இந்த ஓட்டத்திலும் ஈடுபடுகின்றன. சுவாசிக்க இரு பக்கமும் ஒருசேர விரிய வேண்டும். ஓடுவதற்கோ ஒரு பக்கம் சுருங்கும்போது மறுபக்கம் நீள வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் சரிவர நடப்பதில்லை. இதனை அமெரிக்க உயிரியலாளர் டேவிட் கேரியர் 1987-இல் விளக்கினார். இன்று அது 'கேரியர் தடை' எனப்படுகிறது. எதிரி துரத்தும்போது பல்லியால் நெடுந்தொலைவு ஓட முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பதுங்கிடம் அருகில் இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு.

இத்தடையை உடும்புகள் வேறு வழியில் சமாளிக்கின்றன. ஆப்பிரிக்காவின் சவானா உடும்பு, நடக்கும்போது தொண்டைப் பையை விரித்துக் காற்றை நிரப்பி, பின்னர் அதனை நுரையீரலுக்குள் அழுத்தித் தள்ளுவது 1999-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வில் தெரியவந்தது. தொண்டை இவ்வாறு இயங்காதபடி தடுக்கப்பட்டபோது, வேகம் கூடக் கூட உடும்பின் மூச்சும் குறைந்தது. அதே ஆய்வில் இடம்பெற்ற இகுவானாவிடம் இந்தத் தொண்டை உதவி காணப்படவில்லை.

இந்தியாவில் பரவலாகக் காணப்படும் வங்க உடும்பும் சவானா உடும்பின் பேரினத்தைச் சேர்ந்ததே. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் அது இடம்பெற்றுள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.