பொதுக் கோப்புறையும் பொது அச்சுப்பொறியும்: அனுமதிச் சிக்கல்களைக் களையும் முறை

1. முன்னுரை

தமிழ்ப்பணிக்குக் கணினி இன்றியமையாக் கருவியாகிவிட்டது. ஆய்வேடு, கருத்தரங்கக் கட்டுரை, சங்க மலர் என எதுவாயினும் கணினியில் தட்டச்சு செய்யப்பெற்று, பொதுக் கோப்புறையில் சேமிக்கப்பெற்று, பொது அச்சுப்பொறியின்வழி தாளில் ஏறுகிறது. இவ்விரண்டும் பலருக்குப் பொதுவானவை. சிக்கல்கள் எழுவதும் அதனாலேயே எனலாம்.

செலாயாங்கில் உள்ள சிறிய அலுவலகம் ஒன்றில் தமிழ் மலர் ஒன்றைத் தொகுக்கும் பணியில் நாங்கள் ஈடுபட்டிருந்தோம். மூன்று கணினிகளும் ஓர் அச்சுப்பொறியும் இருந்தன. புதிதாக வந்த மடிக்கணினியிலிருந்து பொதுக் கோப்புறையைத் திறக்க முயன்றபோது, அணுகல் மறுக்கப்பட்டது என்னும் அறிவிப்பு தோன்றியது. உதவ வந்த நண்பர் ஒருவர் கடவுச்சொல் கேட்கும் ஏற்பாட்டை நீக்கி, 'எவரிவன்' என்னும் அனைவர்க்குமான குழுவுக்கு முழு உரிமை வழங்கினார். சிக்கல் நொடியில் தீர்ந்தது. இரு வாரங்களுக்குப் பின், பிழைதிருத்தம் முடிந்த கட்டுரைகள்மீது திருத்தப்படாத பழைய படிகள் பதிந்துகிடக்கக் கண்டோம். யார் செய்தது என்று அறிய வழியில்லை. ஏனெனில் கணினியைப் பொறுத்தவரை எல்லாரும் ஒருவராகவே நுழைந்திருந்தனர்.

இதே செலாயாங்கில் 1999ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கிய அரசு மருத்துவமனை, நோயாளியின் பதிவுகளைக் காகிதத்திற்கு மாற்றாகக் கணினியில் பேணும் முறையில் நம் நாட்டின் முன்னோடிகளுள் ஒன்றாகும். ஒரே பதிவைப் பலர் கையாளும் இடத்தில் யார் பார்க்கலாம், யார் எழுதலாம், யார் அழிக்கலாம் என்பன முன்னரே வகுக்கப்பட வேண்டும். இவ்விதி மூன்று கணினிகள் கொண்ட அலுவலகத்திற்கும் பொருந்தும். பூட்டை உடைக்காமல் சிக்கலைக் களைவது எவ்வாறு என்பதை விண்டோஸ் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. இரண்டு வாயில்கள்

வலையமைப்பின்வழி ஒரு கோப்புறையை அடைவோர் இரண்டு வாயில்களைக் கடக்கின்றனர். முதலாவது பகிர்வு அனுமதி. இது 'ஷேரிங்' என்னும் பகுதியில் அமைகிறது. இரண்டாவது கோப்பு முறைமையின் அனுமதி; இது 'செக்யூரிட்டி' என்னும் பகுதியில் அமைகிறது. முன்னதைத் தெருவாயிற் கதவென்றும் பின்னதை அறைக் கதவென்றும் கொள்ளலாம். இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும். அறைக் கதவு எழுதவும் இசைவளித்து, தெருவாயில் படிக்க மட்டுமே இசைவளித்தால், பயனர் படிக்க மட்டுமே இயலும்.

கோப்புறை இருக்கும் கணினியின் முன்னேயே அமர்ந்து திறப்பவருக்கு அறைக் கதவு மட்டுமே உண்டு. இவ்வேறுபாடு சிக்கலின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அதே பயனர் அக்கணினியில் நேரடியாக நுழைந்து கோப்பைத் திறக்க முடிகிறது, வலையமைப்பின்வழி முடியவில்லை என்றால், குறை பகிர்விலோ கணக்கிலோ உள்ளது. நேரடியாகவும் திறக்க முடியவில்லை என்றால், குறை கோப்பு முறைமையின் அனுமதியில் உள்ளது.

3. மறுப்புக்கான பொதுக் காரணங்கள்

முதலாவது, கணக்கின்மை. சிறிய வலையமைப்பில், கோப்புறையை வைத்திருக்கும் கணினி தன்னிடம் பதிவாகியுள்ள பயனரையே அறியும். மடிக்கணினியின் உரிமையாளருக்கு அங்கும் ஒரு கணக்கு வேண்டும். அதற்குக் கடவுச்சொல்லும் வேண்டும். கடவுச்சொல் இல்லாத கணக்கு வலையமைப்பின்வழி நுழைவதை விண்டோஸ் இயல்பாகவே தடுக்கிறது. எங்கள் அலுவலகத்தில் நேர்ந்தது இதுவே. ஒரு கணக்கை உருவாக்கியிருந்தால் ஐந்து நிமிடங்களில் முடிந்திருக்கும்.

இரண்டாவது, கோப்பு வந்த வழி. ஒரு கோப்பைப் படியெடுத்து வைத்தால் அது புதிய கோப்புறையின் அனுமதியைப் பெறும். ஒரே வட்டுப் பகுதிக்குள் நகர்த்தினால் பெரும்பாலும் பழைய அனுமதியையே உடன்கொண்டு வரும். ஒரு கோப்புறையில் ஒன்று மட்டும் திறவாதிருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகும்.

மூன்றாவது, உரிமையாளர் இன்மை. பழைய கணினியின் வட்டைப் புதியதில் இணைக்கும்போது, அங்கிருந்த கணக்குகள் இங்கு இல்லை. எனவே பெயருக்கு மாற்றாக நீண்ட எண்தொடர் தோன்றும். நிருவாகிக் கணக்கில் நுழைந்து உரிமையை ஏற்றுக்கொண்ட பின்னரே அனுமதியைத் திருத்த இயலும்.

நான்காவது, குழுவில் சேர்த்த பின்னும் பயனர் வெளியேறி மீண்டும் நுழையாமை. புதிய உறுப்புரிமை அடுத்த நுழைவின்போதே நடைமுறைக்கு வரும்.

4. அனுமதி வழங்கும் முறை

தனித்தனிப் பயனர்க்கு அனுமதி வழங்குவதினும் ஒரு குழுவை அமைத்து அதற்கு வழங்குவது சிறந்தது. அக்குழுவுக்கு முழு உரிமை தேவையன்று. 'மாடிஃபை' எனப்படும் மாற்றியமைக்கும் உரிமையே போதும். முழு உரிமை பெற்றவர் அனுமதிகளையே மாற்றலாம், உரிமையாளராகவும் ஆகலாம். ஆயின், மாற்றியமைக்கும் உரிமையிலும் அழித்தல் அடங்கும் என்பதை மறத்தலாகாது. ஆதலால், பிழைதிருத்தம் முடிந்த கோப்புகளைத் தனிக் கோப்புறைக்கு மாற்றி, தொகுப்பாசிரியர் தவிர ஏனையோர் படிக்க மட்டும் இசைவளித்தல் வேண்டும். இதனுடன் காப்புப்படியும் வேண்டும்.

5. அச்சுப்பொறிச் சிக்கல்கள்

அச்சுப்பொறிக்கும் அனுமதி உண்டு. அச்சிடுதல், ஆவணங்களை மேலாளுதல், அச்சுப்பொறியை மேலாளுதல் என அது மூவகைப்படும். சாதாரணப் பயனர் தம் ஆவணத்தை மட்டுமே வரிசையிலிருந்து நீக்க முடியும். பிறர் அனுப்பிய ஆவணம் சிக்கி நின்றால் நிருவாகியின் உதவி வேண்டும்.

வரிசை முற்றிலும் உறைந்துவிட்டால் நிருவாகி, 'பிரிண்ட் ஸ்பூலர்' என்னும் சேவையை நிறுத்த வேண்டும். பின்னர் விண்டோஸ் கோப்புறையில் சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்னும் வரிசையில் சென்று, இறுதிக் கோப்புறையின் உள்ளடக்கத்தை மட்டும் நீக்கிச் சேவையைத் தொடங்க வேண்டும். காத்திருக்கும் எல்லாருடைய ஆவணங்களும் அழியும் என்பதால் முன்னறிவித்தல் நன்று. அச்சுப்பொறி இயங்கியும் 'ஆஃப்லைன்' எனக் காட்டுமாயின், அதன் வலையமைப்பு முகவரி மாறியிருக்கக்கூடும். நிலையான முகவரி ஒன்றை ஒதுக்குவதே தீர்வாகும்.

பொது அச்சுப்பொறியை இணைக்கும்போது நிருவாகியின் கடவுச்சொல் கேட்கப்படுவதைப் பலர் கோளாறு எனக் கருதுகின்றனர். 2021 ஜூலையில் 'பிரிண்ட்நைட்மேர்' எனப் பெயர்பெற்ற பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. அச்சுச் சேவையின்வழி ஊடுருவுவோர் கணினியையே கைப்பற்ற அது இடமளித்தது. அதன்பின், 2021 ஆகஸ்டு முதல், அச்சுப்பொறி இயக்கிகளை நிறுவும் உரிமையை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இயல்பாக நிருவாகிகளுக்கு மட்டுமே உரியதாக்கியது. எனவே இது கோளாறன்று, காவல் எனக் கொள்ளல் தகும்.

பழைய நகலெடுக்கும் பொறிகள் வருடிய ஆவணத்தைக் கோப்புறைக்கு அனுப்ப இயலாமற் போவதும் இத்தகையதே. அவற்றுட் பல எஸ்.எம்.பி. என்னும் பகிர்வு நெறிமுறையின் முதற் பதிப்பையே அறிந்தவை. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய 'வன்னாகிரை' என்னும் பணயத் தீநிரல், அப்பதிப்பின் குறையைப் பயன்படுத்தியே கணினிக்குக் கணினி தாவியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் கணினிகளில் அது இயல்பாக இடம்பெறுவதில்லை. அதனை மீண்டும் இயக்குவதை விடுத்து, பொறியின் உள்நிரலைப் புதுப்பிக்கலாம், விரலியிற் சேமிக்கலாம். புதுப்பித்த பொறிக்கென ஒரு தனிக் கணக்கை அமைத்து, ஒரு கோப்புறையில் மட்டும் எழுத இசைவளிக்கலாம்.

தமிழ் எழுத்துகள் கட்டங்களாகவோ பொருளற்ற குறிகளாகவோ அச்சாவது அனுமதிச் சிக்கலன்று. ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருவில் அமைந்த கோப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலிருந்து அச்சிடப்படுவதே அதன் காரணம். எழுத்துரு உட்பொதிந்த பி.டி.எஃப். கோப்பாக மாற்றி அனுப்பினால் இக்குறை நீங்கும்.

6. சட்டமும் பொறுப்பும்

அனுமதியின்றிப் பிறர் கணினித் தரவுகளை அணுகுவதை 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டம் நம் நாட்டில் தண்டனைக்குரியதாக்கியுள்ளது. வணிக நடவடிக்கைகளில் கையாளப்படும் தனிநபர் தரவுகளைப் பாதுகாக்கும் கடமையை 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கிறது. அடையாள அட்டை எண்கள் கொண்ட பட்டியலை அனைவர்க்கும் திறந்த கோப்புறையில் வைப்பது, ஆகவே, வெறும் கவனக்குறைவாக நின்றுவிடாது.

7. முடிவுரை

அனுமதி மறுக்கப்படும்போது யார் கேட்கிறார், எந்த வாயிலில் நிற்கிறார், எப்போதிலிருந்து மறுக்கப்படுகிறது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அமைப்பை மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைக் குறித்துவைத்தல் வேண்டும். எங்கள் மலரின் கட்டுரைகளுக்குக் காப்புப்படி இல்லை. பிழைதிருத்தத்திற்காக அச்சிட்டு வைத்திருந்த தாள்களே எஞ்சின. அவற்றைப் பார்த்து மூன்று நாள்கள் மீண்டும் தட்டச்சு செய்தோம். ஒரு கணக்கை உருவாக்க வேண்டிய ஐந்து நிமிடங்களை மிச்சப்படுத்தியதற்கு நாங்கள் கொடுத்த விலை அது.