வீட்டில் நாய், பூனை வளர்ப்போர் கவனத்திற்கு

இங்கிலாந்தில் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் நாயும் பூனையும் இப்போது வீட்டு அங்கத்தவர்கள் ஆகிவிட்டன. 2020இல் கொரோனா முடக்க காலத்தில் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிய குட்டிகள் இன்று வளர்ந்துவிட்டன. பிள்ளைகள் பல்கலைக்கழகம் போய்விட, சாப்பாடு வைப்பது அம்மம்மாவின் வேலையாகிவிட்டது. சில வீடுகளில் இரண்டு நாய், ஒரு பூனை, கூட்டுக்குள் லவ் பேர்ட்ஸ் என்று ஒரு பண்ணையே இருக்கிறது. நான் மிருக வைத்தியர் அல்ல. ஆனால் பிரஷருக்கும் சலரோகத்துக்கும் என்னிடம் வருபவர்கள் எழும்பிப் போகும்போது கேட்கிற கேள்விகளில் பாதி இவற்றைப் பற்றித்தான்.

எங்கள் பெரியவர்கள் பயப்படுவது நாய் மயிர் வயிற்றுக்குள் போய்விடும் என்று. உண்மையான ஆபத்து குசினியில் இருக்கிறது.

மீன்குழம்பு விட்டுக் குழைத்த சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வெங்காயம், உள்ளி, புளி மூன்றும் உண்டு. வெங்காயமும் உள்ளியும் நாய், பூனைகளின் செங்குருதிக் கலங்களை உடைக்கின்றன. சமைத்தாலும் அந்தக் குணம் போவதில்லை. சாப்பிட்ட அன்று ஒன்றும் தெரியாது. சில நாட்கள் கழித்துப் பிராணி சோர்ந்து படுக்கும், முரசு வெளிறும், சிறுநீர் கடும் நிறமாகப் போகும். பூனைக்கு மிகச் சிறிய அளவே போதும். திராட்சையும், கேக்கில் போடும் பிளம்ஸும் நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்பது பல வருடங்களாகத் தெரிந்ததே. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021இல் அமெரிக்க மிருக வைத்தியர்கள் சுட்டிக்காட்டினார்கள். அந்த அமிலம் நிறைய இருப்பது எங்கள் பழப்புளியில். புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது.

"ஊரில எங்கட ஜிம்மி மீன்குழம்பும் சோறும் திண்டுதானே தம்பி வளர்ந்தது?" என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஜிம்மிக்குக் கிடைத்தது சட்டி வழித்த மிச்சம். நாள் முழுக்க வளவெல்லாம் ஓடித் திரிந்தது. அது எத்தனை வயதில், என்ன வருத்தத்தில் செத்தது என்று யார் பார்த்தோம்? இங்கே ஐந்து கிலோ நாய்க்கு ஒரு கோப்பை நிறைய வைக்கிறோம். அது சோபாவில் படுத்துக்கொள்கிறது.

சோறு கொடுக்கத்தான் மனம் கேட்கிறது என்றால், வெறும் சோறும் உப்புப் புளி போடாமல் அவித்த கோழியும் முள் நீக்கிய மீனும் இடைக்கிடை கொடுக்கலாம். அவித்த எலும்பு வேண்டாம். அது கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். சலரோகக்காரருக்கென்று வாங்கும் சீனியில்லாத சுவிங்கம், இனிப்புகளில் சைலிட்டோல் இருந்தால் அவற்றை நாய்க்கு எட்டாமல் வையுங்கள். நாயின் இரத்தச் சர்க்கரை சடுதியாக விழுந்துவிடும்.

பூனை வேறு சாதி. இறைச்சி, மீன் இல்லாமல் அதனால் வாழ முடியாது. டோரின் என்ற சத்து போதாவிட்டால் கண்ணும் இதயமும் பழுதாகும். வெள்ளிக்கிழமை விரதம் நமக்கு மட்டும் போதும்! பூனைக்குக் காய்ச்சல் என்று பனடோல் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு குளிசையே பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கு புறூபனும் அப்படித்தான். பூச்சாடியில் லில்லிப் பூ வைத்தால் அதன் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்துக்கு நஞ்சு. நொன்ஸ்டிக் தாச்சியை அடுப்பில் மறந்துபோய்க் காயவிட்டால் வரும் புகையில் கூட்டுக் குருவிகள் செத்துவிடும்.

பல பிராணிகள் உள்ள வீட்டில் சாப்பாடு வைக்கும் பொறுப்பை ஒருவர் எடுக்க வேண்டும். அம்மம்மா காலையில், பேரன் மத்தியானம், அப்பா இரவு தன் தட்டிலிருந்து என்றால் நாய் கொழுத்துவிடும். பிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டி, வைத்தவுடன் கோடு போடுங்கள். நாய்களுக்கு வெவ்வேறு மூலையிலும் பூனைக்கு உயரத்திலும் வையுங்கள். நாய் தின்னும்போது சின்னப் பிள்ளைகளைக் கிட்ட விட வேண்டாம். எவ்வளவு சாதுவான நாயும் அந்த நேரத்தில் கடிக்கலாம்; பிள்ளையின் முகம் அதன் வாய் உயரத்தில்தான் இருக்கிறது.

மகள் கர்ப்பமானதும் பூனையைக் கொடுத்துவிடச் சொல்லும் மாமிமாருக்கு ஒரு வார்த்தை. 2000ஆம் ஆண்டு ஆறு ஐரோப்பிய நகரங்களில் கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வில், டொக்சோபிளாஸ்மா தொற்றுக்கு முக்கிய காரணமாகத் தெரிந்தது சரியாக வேகாத இறைச்சி. அடுத்தது மண். பூனையோடு பழகுவது காரணமாகத் தெரியவில்லை. பூனையின் மலத்தில் வரும் கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது வேண்டும். ஆகவே மலத்தட்டை வேறு யாராவது தினமும் துப்புரவு செய்தால் போதும். கர்ப்பிணி தோட்ட வேலைக்குக் கையுறை போடட்டும், கீரையை நன்றாகக் கழுவட்டும்.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறு இருவரைப் பற்றி. சலரோகத்தால் பாதம் மரத்துப்போனவர்களின் புண்ணை நாய் நக்கினால் அவர்களுக்குத் தெரிவதே இல்லை. மற்றவர், போரில் ஷெல் துண்டு பட்டு மண்ணீரல் எடுக்கப்பட்டவர். நாயின் எச்சிலில் சாதாரணமாக இருக்கும் ஒரு கிருமி, மண்ணீரல் இல்லாதவரை ஓரிரு நாளில் உயிராபத்துக்குக் கொண்டுபோகலாம். எங்களில் பலருக்கு சத்திரசிகிச்சைத் துண்டுகள் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டன, இங்குள்ள ஜி.பி.யின் பதிவிலும் இல்லை. வயிற்றில் நீளத் தழும்பு இருந்து, உள்ளே என்ன எடுத்தார்கள் என்று தெரியாவிட்டால் ஜி.பி.யிடம் சொல்லுங்கள். ஸ்கான் செய்து பார்க்கலாம். மண்ணீரல் இல்லையென்றால் அதற்கென்று தடுப்பூசிகள் உண்டு. சின்னக் கீறலானாலும் நாய் கடித்தால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகளுக்கும் சொல்லி அனுப்புங்கள். பிரித்தானிய நாய்களில் விசர்நோய் 1922இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. அதனால் இங்கே வளர்ந்த பிள்ளை தெருக்குட்டியைக் கண்டதும் தூக்குகிறது. இலங்கையில் அந்த நோய் இன்னும் உண்டு. கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். இலண்டன் திரும்பிப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். நோய்க்குறி தொடங்கிய பின் மருந்தில்லை. பயணத்துக்கு முன்னரே தடுப்பூசி போட்டவர்களும் கடிபட்டால் மீண்டும் போட வேண்டும். ஊசிகளின் எண்ணிக்கைதான் குறையும்.