டி-ஷர்ட்டில் புலி வேண்டாம்: இலங்கையின் பழைய தலைநகரங்களுக்கு ஒரு வகுப்புப் பயணம்

எங்கள் வரலாற்றுத் துறை முதுகலை மாணவர்களை இலங்கைக்கு அழைத்துப் போய்வந்தோம். அதிலிருந்து ஆசிரிய நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: எத்தனை நாள், எவ்வளவு ஆச்சு, எந்த ஊரெல்லாம் பார்த்தீங்க? அதற்கான பதில் இந்தக் கட்டுரை. கூடவே, திட்டம் போடும்போது நாங்கள் ஏறக்குறைய செய்துவிட இருந்த ஒரு தப்பையும் சொல்லியாகணும்.

டூர் என்று அறிவித்த மறுநாளே வகுப்பு வாட்ஸப் குழுவில் டி-ஷர்ட் டிசைன் வந்துவிட்டது. முன்னால் கல்லூரிப் பெயர், முதுகில் பாயும் புலி, கீழே 'சோழர் தடம் தேடி'. நல்லாத்தான் வரைந்திருந்தான் பையன். நாங்கள் காவிரிப் பாசனக்காரர்கள். புலிக்கொடி எங்களுக்கு ராஜராஜன் காலத்து விஷயம். ஆனால் 2009 வரை போர் நடந்த நாட்டில், விடுதலைப் புலிகள் இயக்கம் இன்றும் தடை செய்யப்பட்டிருக்கும் நாட்டில், தமிழ்நாட்டிலிருந்து 22 பேர் முதுகில் புலியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினால் பார்ப்பவர்களுக்கு ராஜராஜன் ஞாபகத்துக்கு வருவாரா? வேண்டாம் என்றேன். வகுப்பில் ஒரு வாரம் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை.

எந்த ஊரை முதலில் பார்ப்பது என்று நான் உருப்படியாக யோசிக்க ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான்.

ஒன்பது இடம் மூன்று ஆனது

முதல் பட்டியலில் ஐந்து நாளைக்கு ஒன்பது இடம். கொழும்பு, காலி, நுவரெலியா, கண்டி, தம்புள்ளை, சிகிரியா, பொலன்னறுவை, அனுராதபுரம், கடைசியாகத் திருகோணமலை. மேப்பில் பார்த்தால் இலங்கை நம் உள்ளங்கை அளவுதான். ஆனால் விமான நிலையத்திலிருந்து அனுராதபுரம் போகவே பஸ்ஸில் நாலு, அஞ்சு மணி நேரம் ஆகும். ஒன்பது இடம் என்றால் பாதிப் பகல் பஸ்ஸில்தான்.

இடங்களை வெட்ட ஒரு அளவுகோல் வேண்டும். மாணவர்களிடமே கேட்டேன்: இந்தப் பயணத்தில் நீங்க விடை தேடப்போற கேள்வி என்ன, ஒன்றே ஒன்று சொல்லுங்க. ரெண்டு வகுப்பு முழுக்கப் பேசி வந்து நின்ற கேள்வி: 'ஒரு நாட்டின் தலைநகரம் ஏன் இடம் மாறுகிறது?' அனுராதபுரம், பொலன்னறுவை, கண்டி என்று மூன்று ஊர் அதற்குள் அடங்கியது. நுவரெலியாவும் காலியும் திருகோணமலையும் தாமாகவே கழன்றுகொண்டன.

சிகிரியாவை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. அதுவும் 5-ஆம் நூற்றாண்டில் காசியப்பனின் தலைநகரம்தான். ஆனால் அந்த ஒரு அரசனோடு அது முடிந்துபோனது. பாறை ஏறி இறங்க அரை நாள் போய்விடும். விட்டோம். இன்னும் ரெண்டு பேர் அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள்.

எந்த ஊர் முதலில்?

சோழர் விஷயம் பார்க்கத்தானே போறோம், நேரே பொலன்னறுவை போகலாம் என்பதுதான் பெரும்பான்மை வாக்கு. அதில் நியாயம் இருக்கிறது. சோழர்கள் அதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்து இலங்கைத் தலைநகரமாக்கினார்கள். இரண்டாம் சிவ தேவாலயம் என்று தொல்லியல் துறை எண் போட்டு வைத்திருக்கும் கற்கோயிலின் உண்மையான பெயர் வானவன்மாதேவி ஈசுவரம். நம் ஊர்க் கோயிலைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்தது போலவே இருக்கும். சுவரில் தமிழ்க் கல்வெட்டு. முதலில் அங்கே போயிருந்தால் மாணவர்களுக்கு ஒரே ஒரு உணர்வுதான் வந்திருக்கும்: பெருமை. அதற்குப் பிறகு எதைக் காட்டினாலும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருப்பார்கள்.

அதனால் காலவரிசைப்படி போவது என்று முடிவெடுத்தேன். அனுராதபுரம் முதலில்.

அது ஆயிரம் வருஷத்துக்கும் மேல் தலைநகரமாக இருந்த ஊர். மகாசேனன் தொடங்கிய ஜேதவனராமய தாதுகோபம் கட்டி முடித்தபோது ஏறத்தாழ 122 மீட்டர் உயரம். அன்றைய உலகில் கீசாவின் இரண்டு பெரிய பிரமிடுகளுக்கு அடுத்த உயரமான கட்டடம், முழுக்கச் செங்கல். இன்று உயரம் குறைந்துவிட்டது. ஆனாலும் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது பேச்சு நின்றுபோகிறது. இந்த நகரத்தைத்தான் கி.பி. 993 வாக்கில் ராஜராஜனின் படை வீழ்த்தியது. 1017-ல் ராஜேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டு சோழ நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டான். 12 வருஷம் கழித்து இங்கேயே இறந்தான். விகாரைகள் கொள்ளையடிக்கப்பட்டதைச் சூளவம்சம் விவரிக்கிறது.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி வயதான சிங்களவர், தமிழ் ஓரளவு பேசுவார். 993-க்கு வந்தபோது குரலை உயர்த்தாமல், சிரித்தபடியே, "அப்புறம் உங்க ஊர் ஆளுங்க வந்தாங்க" என்றார். அவ்வளவுதான். யாரும் எதுவும் பேசவில்லை. டி-ஷர்ட் வரைந்த பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அதே அனுராதபுரத்தில் இன்னொரு கதையும் உண்டு. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் எல்லாளனைப் போரில் கொன்ற துட்டகைமுனு, அவனுக்கு நினைவிடம் எழுப்பி, அந்த வழியாகப் போகிறவர்கள் வாத்தியங்களை நிறுத்திவிட்டுப் போகவேண்டும் என்று ஆணையிட்டதாக மகாவம்சம் சொல்கிறது. இரண்டு கதையையும் ஒரே நாளில் கேட்டுவிட்டுத்தான் மாணவர்கள் பொலன்னறுவைக்கு வந்தார்கள்.

அங்கே அவர்கள் கேட்ட கேள்விகளே வேறாக இருந்தன. சோழர்கள் ஏன் அனுராதபுரத்திலேயே உட்காரவில்லை? தென்கிழக்கே உருகுணையிலிருந்து எதிர்ப்பு வந்துகொண்டே இருந்தது. மகாவலி ஆற்றுத் துறைகளைக் கண்காணிக்க பொலன்னறுவைதான் வசதி. சரி, 1070-ல் சோழரை வெளியேற்றிய முதலாம் விஜயபாகு ஏன் பழைய தலைநகரத்துக்குத் திரும்பவில்லை? அவனுக்கும் அதே ஆறுதான், அதே கணக்குத்தான். எதிரி தேர்ந்தெடுத்த ஊரையே தன் தலைநகரமாக வைத்துக்கொண்டான்.

தலதா மலுவ என்கிற வளாகத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டுப் பலகை நிற்கிறது. 12-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தைச் சேர்ந்தது. வேளைக்காரப் படையினர், புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்ட கோயிலைக் காப்போம் என்று உறுதிமொழி கொடுக்கும் கல்வெட்டு அது. விகாரைகளைக் கொள்ளையடித்த படையிலும் தமிழ் பேசினார்கள், புத்தரின் பல்லைக் காத்த படையிலும் தமிழ் பேசினார்கள். வகுப்பறையில் நான் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றபோது புரிந்த மாதிரி புரிந்திருக்காது.

நடைமுறை விஷயங்கள்

*பாஸ்போர்ட்டும் இனிஷியலும்.* ஒரு வருஷம் முன்னாலேயே ஆரம்பியுங்கள். 22 பேரில் பாஸ்போர்ட் வைத்திருந்தது மூணு பேர். நம் ஊரில் ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், மதிப்பெண் பட்டியலில் பின்னால் இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதணும். இந்த ஒரு விஷயத்தில்தான் அதிக நாள் போனது. பயண அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே எடுக்கவேண்டும். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுவதால் அரசுத் தளத்திலேயே பாருங்கள்.

*பணம்.* ஒருவருக்கு 38,500 ரூபாய். மொத்தமாகக் கேட்டிருந்தால் பாதிப் பேர் வந்திருக்க முடியாது. மாதம் 3,500 வீதம் 11 மாதம் கட்டினார்கள். தொல்லியல் இடங்களில் வெளிநாட்டவர் கட்டணம் அதிகம். சார்க் நாட்டவர்களுக்குச் சலுகை உண்டு. பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் கிடைக்கும், ஓட்டல் பெட்டியில் பூட்டிவிட்டு வராதீர்கள்.

*கப்பலா, விமானமா?* நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போக எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் கடல் கொந்தளித்தால் சேவை ரத்தாகும். அடுத்த நாள் தனியாகக் கிளம்புகிறவர்களுக்கு அது பரவாயில்லை, ஓட்டல் முன்பதிவோடு போகிற 22 பேருக்குச் சரிவராது. திருச்சியிலிருந்து விமானத்தில் போனோம்.

*மாதம்.* அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் நம்மைப் போலவே வடகிழக்குப் பருவமழைதான். நாங்கள் போனது பிப்ரவரி. பௌர்ணமி நாள் அங்கே விடுமுறை, கோயில்களில் கூட்டம் நெரியும். ஜூன் மாதப் பொசொன் பௌர்ணமி சமயத்தில் அனுராதபுரத்தில் அறை கிடைப்பதே கஷ்டம்.

*கால்.* தாதுகோப முற்றத்தில் செருப்பும் தொப்பியும் கழற்றணும். பத்து மணிக்கு மேல் கல் கொதிக்கும். கெட்டியான சாக்ஸ் ரெண்டு ஜோடி எடுத்துப் போங்கள். தோளும் முட்டியும் மூடிய உடை. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கக் கூடாது என்பதைப் பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள்.

*நாள் கணக்கு.* முதல் நாள் நேரே அனுராதபுரம். இரண்டாம் நாள் முழுக்க அங்கேயே. மூன்றாம் நாள் விடிகாலை கிளம்பி, 100 கிலோமீட்டர் தாண்டி பொலன்னறுவை. நான்காம் நாள் போகிற வழியில் தம்புள்ளைக் குகைகள், சாயங்காலம் கண்டி. ஐந்தாம் நாள் கொழும்பு தேசிய அருங்காட்சியகம், இரவு வீடு. அந்த அருங்காட்சியகத்தில் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டைத் தவறவிடாதீர்கள். சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதியது.

வராமல் போன இருவர்

மொத்தம் 24 பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒரு மாணவிக்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. ஒரு மாணவனுக்கு ஆவணச் சிக்கலில் பாஸ்போர்ட் நேரத்துக்கு வரவில்லை. கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், ஆனால் அது மட்டும் போதாது என்று தோன்றியது.

கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மதுரை நாயக்க வழி வந்தவன். 1815-ல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்து வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832-ல் அங்கேயே இறந்தான். சமாதி பாலாற்றங்கரையில், முத்து மண்டபத்தில் இருக்கிறது. நாங்கள் இலங்கையில் இருந்த அதே வாரத்தில் அவர்கள் இருவரும் ஆளுக்கொரு நாள் வேலூர் போய்வந்தார்கள். மாணவி தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள்.

திரும்பி வந்து நடத்திய கருத்தரங்கில் எங்கள் 22 பேரின் படங்கள் கண்டி அரண்மனை வாசலோடு முடிந்தன. அதற்கப்புறம் அரசனுக்கு என்ன ஆச்சு என்பதை அவர்கள் இரண்டு பேரும்தான் சொன்னார்கள். ஐந்தாம் மகிந்தன் சோழ நாட்டில் இறந்ததற்கும் இவன் வேலூரில் இறந்ததற்கும் நடுவே 800 வருஷம் என்று அந்த மாணவி சொன்னபோதுதான் எனக்கே அந்தக் கணக்கு உறைத்தது. திட்டம் போட்ட என் நோட்டில் அது இல்லை.

அடுத்த முறை வேலூரை முதல் நாளிலிருந்தே திட்டத்தில் சேர்ப்பேன், எல்லோருக்குமாக. டி-ஷர்ட் கடைசியில் வெள்ளை நிறத்தில் வந்தது. முன்னால் கல்லூரிப் பெயர், முதுகில் மூன்று ஊர்களின் பெயர். வரைந்தது அதே பையன்தான்.