சூடான டீ... மொறுமொறு பஜ்ஜி... சிறுநீரகம் ஜாக்கிரதை!

விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊட்டி போறீங்க. குன்னூர் தாண்டி வண்டியை ஓரம் கட்டினதுமே குழந்தைங்க மிளகாய் பஜ்ஜி கேட்கும். பெரியவங்களுக்கு ஆவி பறக்க ஒரு டீ. தொட்டுக்க வர்க்கி. அந்தக் குளிருக்கு யாருக்குத்தான் ஆசை வராது?

சாப்பிடுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனால் டீயை எதில் ஊற்றிக் கொடுத்தாங்க, பஜ்ஜியை எதில் கட்டிக் கொடுத்தாங்க என்று ஒரு நிமிஷம் கவனிங்க. உங்கள் சிறுநீரகத்தின் நலன் அதில் அடங்கியிருக்கு!

பேப்பர் கப்... பெயரில் மட்டும்தான்!

பிளாஸ்டிக்கை எதிர்ப்பதில் நீலகிரி மாவட்டம் தமிழ்நாட்டுக்கே முன்னோடி. சுப்ரியா சாகு கலெக்டராக இருந்தபோது, 2000-களின் தொடக்கத்திலேயே அங்கே பிளாஸ்டிக் ஒழிப்பு இயக்கம் ஆரம்பமாகிவிட்டது. 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாடு முழுக்கத் தடை வந்தது. அதே ஆண்டு நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை போட்டு, குடிநீர் ஏ.டி.எம். வைத்தார்கள்.

அந்த 14 வகைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய டீ கப்பும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா? வெறும் காகிதத்தில் டீயை ஊற்றினால் ஊறிப்போய்விடும். அதனால்தான் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட கப்பில் 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி நீரை ஊற்றி 15 நிமிடம் வைத்தபோது, சுமார் 25,000 நுண்துகள்கள் அதில் கலந்திருந்தன!

5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துகளுக்குத்தான் 'மைக்ரோபிளாஸ்டிக்' என்று பெயர். டீயில் கலப்பவை கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியானவை. சில டீ பேக்குகளின் துணி போன்ற உறையும் நைலான் மாதிரியான பிளாஸ்டிக்தான். அதுவும் வெந்நீரில் துகளை உதிர்க்கும் என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வு 2019-ல் சொன்னது.

சல்லடைக்குள் என்ன நடக்கிறது?

நம் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் 'நெஃப்ரான்' என்ற நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டி, தேவையானதைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை, இரண்டு லிட்டரைத்தான் சிறுநீராக வெளியேற்றுகின்றன. ரத்தத்தில் எது கலந்தாலும் அது இந்தச் சல்லடைக்கு வந்தே தீரணும்.

மனித ரத்தத்தில் பிளாஸ்டிக் இருப்பதை நெதர்லாந்து விஞ்ஞானிகள் 2022-ல் கண்டுபிடித்தார்கள். இறந்தவர்களின் சிறுநீரகம், கல்லீரல், மூளை ஆகியவற்றிலும் அது இருப்பதாக அமெரிக்க ஆய்வு ஒன்று 2025-ல் தெரிவித்தது. 'அப்படின்னா, இதனால் சிறுநீரகம் கெட்டுவிடுமா?' என்று பதறாதீங்க. மனிதர்களிடம் அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. எலிகளிடம்தான் பாதிப்பைப் பார்த்திருக்கிறார்கள்.

கொழுப்பும் கூட்டு சேர்ந்தால்...

கொழுப்பு அதிகமான சாப்பாட்டின் கதை வேறு. அதன் கெடுதல் சந்தேகத்துக்கு இடமில்லாதது. கொழுப்பு கூடினால் எடை ஏறும். எடை ஏறினால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பின்னாலேயே வரும். சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில் முதல் இரண்டு இடம் இந்த இரண்டுக்கும்தான்!

ஜப்பானில் 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளுக்குக் கொழுப்பு உணவோடு பிளாஸ்டிக் துகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு உணவு மட்டும் சாப்பிட்ட எலிகளைவிட இவற்றுக்கு ரத்தச் சர்க்கரையும் ரத்தக் கொழுப்பும் அதிகம் ஏறின. அதாவது, ஒன்று மற்றொன்றுக்குத் தூபம் போடுகிறது.

இன்னொரு விஷயம். பிளாஸ்டிக்கை வளைந்து கொடுக்க வைக்கச் சேர்க்கும் சில ரசாயனங்கள் எண்ணெயில் சுலபமாகக் கரையும். சூடு இருந்தால் இன்னும் வேகமாகக் கரையும். சுடச்சுட எண்ணெய் சொட்டும் பஜ்ஜியைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்க!

மலையில் இருப்பவர்களுக்கு...

ஊட்டி, கோத்தகிரி, எஸ்டேட் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிரில் தாகமே தெரியாது. அதனால் தண்ணீர் குறையும், சர்க்கரை போட்ட டீ கூடும், கூடவே வனஸ்பதி சேர்த்த வர்க்கியும் பிஸ்கட்டும் உள்ளே போகும். உங்கள் மலையிலேயே நல்ல சாப்பாடு இருக்கே! படுகர் வீட்டு அவரைக் குழம்பு, கேழ்வரகுக் களி, சாமைச் சோறு, கேரட், பீன்ஸ், கீரை... இதைவிட வேறென்ன வேணும்?

இன்றே ஆரம்பிக்கலாம்:

* டீக்கடையில் கண்ணாடி டம்ளர் கேளுங்க. பயணம் போகும்போது வீட்டிலிருந்தே எவர்சில்வர் டம்ளரும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துப் போங்க.
* பார்சல் டீயைப் பிளாஸ்டிக் கவரில் வாங்கவே வேண்டாம். ஃபிளாஸ்க் போதும்.
* டீ பேக்குக்குப் பதில் தூளைப் போட்டு வடிகட்டுங்க. வடிகட்டியும் எவர்சில்வரிலேயே இருக்கட்டும்.
* சூடான குழம்பு, எண்ணெய்ப் பலகாரம் எதையும் பிளாஸ்டிக் டப்பாவில் போடாதீங்க. அதை மைக்ரோவேவில் சூடுபடுத்தவும் வேண்டாம்.
* பஜ்ஜி, வர்க்கி எப்போதாவது ஒருநாள் மட்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் என்றால் அன்றும் வேண்டாம்.
* தாகம் இல்லாவிட்டாலும் அவ்வப்போது வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்க. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளணும்.

சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுதான பிறகும் வலிக்காது. காலில் வீக்கம், சிறுநீரில் நுரை என்று தெரியும்போது பலருக்குக் காலம் கடந்திருக்கும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள், குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரக நோய் இருந்தவர்கள், வருஷத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்த்துவிடுங்க. ஒரு சொட்டு ரத்தத்துக்குப் பயந்து தள்ளிப்போட்டவர்கள், பிற்பாடு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் படுக்கையில் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல் இல்லையா?