புகையைப் பாருங்க... புக்கையும் பாருங்க!

‘‘மச்சான், வண்டி தங்கம்! நாளைக்கே அட்வான்ஸ் குடுத்துடறேன்!’’ என்று என் மச்சினன் போன் பண்ணியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த அட்வான்ஸ் ஐம்பதாயிரம், அவன் அக்கா கழுத்துச் செயினை அடகு வைத்து வரப்போகிற பணம். அவன் அக்கா யார்? என் சம்சாரம்!

பையன் திண்டுக்கல்லில் ஒரு மில்லில் கணக்கு எழுதுகிறான். சம்பளம் இருபதாம் தேதியோடு சரி. கொடைரோட்டில் பன்னீர் திராட்சை, நிலக்கோட்டையில் மல்லிகை... லோடு அடித்தால் எங்கேயோ போய்விடலாம் என்று கனவு. கொடைரோடு ஸ்டேஷன் பக்கம் ஒரு டீசல் பிக்கப். வயசு 12. விலை 2 லட்சத்து 60 ஆயிரம்.

நான் பி.காம். ஆச்சே... சும்மா இருப்பேனா? ‘‘புதுசில் 6 லட்சம்னு வையுங்க. வாடகை வண்டிக்கு வருமானவரிக் கணக்குப்படி வருஷம் 30 சதவிகிதம் தேய்மானம். 12 வருஷம் கழிச்சா மிச்சம் சுமார் 8,300 ரூபாய்தான்!’’ என்றேன். வண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘‘சாருக்கு ஒரு டீ சொல்லுப்பா’’ என்றார்.

நல்லவேளை, அம்மையநாயக்கனூரிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப் போயிருந்தேன். அவர் சாவியே கேட்கவில்லை. பானெட்டைத் தூக்கி இன்ஜின் மேல் கை வைத்தார். ‘‘சுடுதுல்ல? நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடேத்தி வெச்சிருக்காய்ங்க. நாளைக்குக் காலையில சொல்லாம வருவோம்’’ என்று வெற்றிலையைத் துப்பிவிட்டு நடந்தார். டீசல் இன்ஜின் காற்றை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிற ஜாதி. உள்ளே ரிங் தேய்ந்திருந்தால் அழுத்தம் கசியும், காலை நேரத்துக் குளிரில் குட்டு வெளிப்பட்டுவிடும். சூடேறின இன்ஜினோ பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி. அடக்க ஒடுக்கமாகத்தான் இருக்கும்.

மறுநாள் ஐந்தரை மணிக்கே ஆஜர். வண்டிக்காரர் கைலியோடு ஓடி வந்தார். நாலாவது செல்ஃபில்தான் பிடித்தது. பின்னால் புகை... ஸ்டேஷனில் பழைய நிலக்கரி ரயில் வந்து நின்ற மாதிரி! அண்ணன் பாடமே எடுத்தார். ‘‘கறுப்புன்னா டீசல் அதிகம், இல்ல ஏர் ஃபில்டர் அடைப்பு. நீலம்னா ஆயிலைக் குடிக்குது, பர்ஸைப் பத்திரமா வெச்சுக்க. வெள்ளை, சூடானதும் நின்னுட்டா பரவாயில்ல. நிக்காம வந்தா நாசில், இல்ல ரேடியேட்டர் தண்ணி உள்ள போகுது.’’ எங்களுக்கு வந்தது வெள்ளை. பத்து நிமிஷத்தில் குறைந்தது. அப்புறம் ஓடுகிற இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று ஆவி அடித்தால் ‘பேக் கம்ப்ரஷன்’, அதாவது இன்ஜின் வேலை, பெரிய செலவு. லேசாகத்தான் வந்தது. ‘‘ரிங் தாங்கும். நாசில் மட்டும் பாக்கணும்.’’

பிறகு தரையில் படுத்தே விட்டார். பூ மூட்டையில் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஏற்றின வண்டி. தொட்டிக்கு அடியில் துரு. சேஸில் புதுசாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிப் பார்க்க வேண்டுமாம், அடியில் வெல்டிங் இருக்கலாம். ஸ்பிரிங்கில் எக்ஸ்ட்ரா பட்டை போட்டிருந்தால் ஓவர்லோடு அடித்த வண்டி. இதில் ஒரு பட்டை எக்ஸ்ட்ரா!

இன்ஜின் பழைய பம்ப் ரகம். ஊர் மெக்கானிக்கே பிரித்துப் போட்டுவிடுவார். நாடு முழுக்க 2017-ல் பி.எஸ்.4, 2020-ல் பி.எஸ்.6 என்று வந்தபிறகு சென்சார், லேப்டாப் என்று வைத்தியம் பெரிய ஆஸ்பத்திரி லெவலுக்குப் போய்விட்டது.

அடுத்து நம்ம டிபார்ட்மென்ட், பேப்பர்! ஆர்.சி.யில் இருந்த பெயர் வண்டிக்காரர் பெயரே இல்லை. ‘‘அவரு நம்ம பங்காளிதான் சார்!’’ போதாக்குறைக்கு ஃபைனான்ஸ் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது. ‘‘கடன் எப்பவோ அடைச்சாச்சு!’’ அடைத்திருக்கலாம். ஆனால், ஃபைனான்ஸ்காரர் கையெழுத்துப் போட்ட ஃபாரம் 35 வந்தால்தான் ஆர்.சி.யில் அடமானம் நீங்கும். பெயர் மாற்ற ஃபாரம் 29-ம் 30-ம். பெயர் மாற்றாமல் ‘டெலிவரி நோட்’டோடு ஓட்டினால், ஆக்சிடென்ட் நஷ்டஈட்டுக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. அதனால் விற்கிறவருக்கும் இதில் அக்கறை இருந்தாக வேண்டும். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்ற மனுக் கொடுக்கணும். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் வேண்டாம், தாண்டினால் அதையும் மாற்றணும். எட்டு வயசு தாண்டின சரக்கு வண்டிக்கு எஃப்.சி. வருஷா வருஷம்.

‘‘எனக்கு கார் லைசென்ஸ்தான் மச்சான் இருக்கு...’’ என்று பையன் முழித்தான். அதற்குக் கவலையில்லை. 7,500 கிலோ வரைக்கும் அதே லைசென்ஸ் போதும் என்று 2017-ல் வந்த தீர்ப்பை, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் பெஞ்சும் உறுதி செய்துவிட்டது.

‘‘ஃபாரம் 35 வரட்டும், பங்காளி நேர்ல வந்து கையெழுத்துப் போடட்டும். அப்புறம் அட்வான்ஸ்’’ என்று கிளம்பிவிட்டோம். பையன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அக்காவும் தம்பி கட்சி! நாலாவது வாரம் வண்டிக்காரரே போன் பண்ணினார். பேப்பர் எல்லாம் ரெடி. நாசில் செலவு, துரு, எக்ஸ்ட்ரா பட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி 2 லட்சத்து 15 ஆயிரத்துக்கு முடித்தோம். செயின் பாதி நாள்தான் அடகுக் கடையில் இருக்கும் என்று என் சம்சாரத்திடம் சொல்லியிருக்கிறேன். எதில் பாதி என்று சொல்லவில்லை.

முதல் லோடு திராட்சை, மதுரைக்கு. நானும் முன் சீட்டில். கொடைரோடு டோல்கேட்டில் கேட் ஜம்மென்று திறந்தது. பையன் என்னைப் பெருமையாகப் பார்த்தான். இரண்டு நிமிஷத்தில் அந்தப் பங்காளியிடமிருந்து போன்.

‘‘தம்பி, வண்டி இப்பத்தான் டோல்கேட்டைத் தாண்டுதோ? என் அக்கவுன்ட்ல காசு போயிருச்சே!’’

இத்தனை ஃபாரம் பார்த்த பி.காம். கண்ணுக்கு, கண்ணாடியில் ஒட்டியிருந்த அவருடைய ஃபாஸ்டாக் ஸ்டிக்கர் தெரியவில்லை!