முறுக்கிப் பார்த்து வாங்கு!

கொடைக்கானலுக்கு மேலே ஒரு காட்டுப்பாதை. முந்தின நாள் பெய்த மழையில் பாறையெல்லாம் வழுவழுவென்று கிடந்தது. பத்தடிக்கு ஒருமுறை குனிந்து, காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். அப்படிக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது. என் வலது பூட்ஸின் அடிப்பாகம், முதலை வாயைத் திறந்ததுபோல் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் நாலு எட்டு வைத்தேன். இடது முதலையும் வாயைத் திறந்தது.

இத்தனைக்கும் அந்த பூட்ஸைப் புதுசு என்றுதான் நினைத்திருந்தேன். வாங்கி 8 வருடம் ஆகியிருந்தாலும் மூன்றே மூன்று முறைதான் போட்டிருக்கிறேன். மற்ற நாளெல்லாம் அட்டைப்பெட்டியில், துணி சுற்றி, பீரோவுக்குள் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் குனிந்து பார்த்தார். அவர் காலில் சாதாரண பிளாஸ்டிக் ஷூதான். "ஆடிக்கொருக்கா அமாவாசைக்கொருக்கா போட்டா இப்படித்தான் சார்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து நைலான் கயிறு எடுத்து இரண்டு முதலைகளின் வாயையும் கட்டினார். கயிறு கட்டிய காலோடு, நொண்டி நொண்டி, 6 கிலோமீட்டர் இறங்கினேன்.

நடக்காத பூட்ஸ் எப்படித் தேயும்? வீட்டுக்கு வந்ததும் அதைக் கத்தியால் அறுத்துப் பார்த்தேன். தரையைத் தொடும் கறுப்பு ரப்பர் அப்படியே இருந்தது, பல் ஒன்றுகூடத் தேயவில்லை. மேல்தோலும் நன்றாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நுரை அடுக்கு இருக்கும். காலுக்கு மெத்தை மாதிரி இருப்பதற்காக வைப்பது. அந்த நுரை மட்டும் பழைய பிஸ்கட் போல உதிர்ந்தது.

அதன் பெயர் பாலியூரிதேன். சோபாவுக்குள் இருக்கும் நுரைக்குச் சொந்தக்கார வகை. நீளநீளமான மூலக்கூறுகள் சங்கிலிபோல் கோத்துக்கொண்டு உருவான பொருள். இந்தச் சங்கிலியின் சில கண்ணிகளுக்கு ஒரு பலவீனம் உண்டு: தண்ணீர் மூலக்கூறு வந்து ஒட்டினால் அறுந்துவிடும். நீராற்பகுப்பு என்று பெரிய வகுப்பில் படிப்பீர்கள். மழையில் நனைய வேண்டும் என்றுகூட இல்லை, காற்றில் இருக்கும் ஈரமே போதும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில், காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள், வெப்பமும் ஈரமும் சேர்ந்துகொண்டால் வேலை இன்னும் வேகமாக நடக்கும். என் பூட்ஸ் நடந்து தேயவில்லை, உட்கார்ந்தே செத்துப்போனது.

இந்தக் கதையை நான் சொல்லிச் சிரித்த ஒரு மாதத்தில் என் அக்கா மகளுக்கு பூட்ஸ் தேவைப்பட்டது. ஏழாம் வகுப்பு. பள்ளியிலிருந்து மலையேற்ற முகாம். கடைக்குள் நுழைந்த உடனே ஓடிப்போய் ஒன்றை எடுத்து வந்தாள். பச்சையும் ஆரஞ்சுமாக, இருட்டிலும் மின்னும்போல் இருந்தது.

"மாமா, இது செமையா இருக்குல்ல?"

"கண்ணால பாக்காத. கையால பாரு. ஈரத் துண்டைப் பிழியிற மாதிரி முறுக்கு."

முன்பக்கத்தை ஒரு கையிலும் குதிகாலை இன்னொரு கையிலும் பிடித்து முறுக்கினாள். துண்டு மாதிரியே முறுக்கிக்கொண்டது. ஊருக்குள் நடக்க அது போதும். தார்ச்சாலை தட்டையாக இருப்பதால் சோல் எவ்வளவு வளைந்தாலும் பரவாயில்லை. மலைப்பாதையில் ஒவ்வொரு எட்டும் ஒரு கல்லின் விளிம்பில் விழும். சோல் அந்தக் கல்லைச் சுற்றி வளைந்தால், உள்ளே இருக்கும் பாதமும் வளையும். உங்கள் ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டு பாதங்களையும் சேர்த்தால் 52, அதாவது உடம்பின் 206 எலும்புகளில் கால்வாசி! இத்தனை சின்ன எலும்புகளையும் நேராகப் பிடித்துவைக்கத் தசைகள் ஒவ்வொரு எட்டிலும் உழைக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் அவை சோர்ந்துவிடும். சோர்ந்த காலைத்தான் கல் பிசக வைக்கும்.

முறுக்காமல் இருக்க பூட்ஸுக்குள் என்ன வைக்கிறார்கள்? நடுப்பாதத்துக்கு அடியில் எஃகிலோ கெட்டி பிளாஸ்டிக்கிலோ ஒரு பட்டை ஒளிந்திருக்கும். ஷாங்க் என்பார்கள். சோலின் தடிமனும் உதவும். உங்கள் பிளாஸ்டிக் ஸ்கேலைப் படுக்கையாகப் பிடித்து வளைத்துப் பாருங்கள், சுலபமாக வளையும். அதையே நிமிர்த்திப் பிடித்து, விளிம்பு மேலே இருக்கும்படி வளைக்கப் பாருங்கள். அசையவே அசையாது. அதே ஸ்கேல், அதே பிளாஸ்டிக்தான். வளைக்கிற திசையில் தடிமன் 2 மடங்கானால் விறைப்பு 8 மடங்காகும் என்பது பொறியாளர்களின் கணக்கு.

ஆனால் பலகை மாதிரி விறைப்பாக இருந்தாலும் நடக்க முடியாது. அதனால் இரண்டாவது சோதனை: பூட்ஸின் மூக்கைத் தரையில் ஊன்றி அழுத்துங்கள். கால்விரல்கள் தொடங்கும் இடத்தில் மடிய வேண்டும். நட்டநடுவில் மடிந்தால் திரும்ப ஷெல்ஃபில் வைத்துவிடுங்கள். மூன்றாவது, குதிகாலைச் சுற்றியிருக்கும் கிண்ணத்தை இரண்டு விரலால் நசுக்குங்கள். நசுங்கக் கூடாது. பாதம் பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கிண்ணம்தான். கணுக்காலுக்கு மேல் உயரமாக இருந்தால் பிசகவே பிசகாது என்று கடைக்காரர் சொன்னால் பாதி நம்புங்கள். உயரமான பூட்ஸ் கல் உள்ளே விழாமல் தடுக்கும், கணுக்கால் மொட்டு பாறையில் இடிபடாமல் காக்கும். மற்றபடி, தினமும் ஓடி விளையாடி உரமேறிய கணுக்காலின் வேலையை எந்தத் தோலும் செய்யாது.

இப்போது சோலைத் திருப்புங்கள். அடியில் டயர் மாதிரிப் பற்கள் இருக்கின்றன அல்லவா? அந்தப் பற்களுக்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது.

100 வருடங்களுக்கு முன்பு மலையேறுகிறவர்கள் தோல் பூட்ஸின் அடியில் இரும்பு ஆணி அடித்துக்கொண்டு போனார்கள். 1924-ல் எவரெஸ்ட்டில் காணாமல்போன ஜார்ஜ் மல்லோரியின் உடலை 1999-ல் கண்டுபிடித்தபோது, அவர் காலில் ஆணி அடித்த பூட்ஸ் இருந்தது. புல்லிலும் பனியிலும் ஆணி நன்றாகக் குத்தி நிற்கும். ஆனால் இரும்பு வெப்பத்தைக் கடத்தும். காலின் சூட்டைப் பனிக்குக் கொடுத்துவிடும். கெட்டிப் பாறையிலோ வழுக்கும். அதனால் அடிவாரத்திலிருந்து ஆணி பூட்ஸில் நடந்து வந்து, செங்குத்துப் பாறை வந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, மெல்லிய இலேசான காலணியை மாட்டிக்கொண்டு ஏறுவது வழக்கம்.

1935-ல் இத்தாலி ஆல்ப்ஸில் புன்டா ராசிகா என்ற சிகரத்துக்கு ஒரு குழு அப்படித்தான் ஏறியது. திடீரென்று பனிப்புயல். ஆணி பூட்ஸ் எல்லாம் கீழே கிடக்கிறது. மெல்லிய காலணியோடு உறைந்த பாறையில் இறங்க முடியவில்லை. 6 பேர் குளிரில் இறந்துபோனார்கள். குழுவில் இருந்த வித்தாலே பிரமானி பிழைத்து வந்தார். பாறைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று என்று இரண்டு ஜோடி எதற்கு, இரண்டையும் தாங்கும் ஒரே சோல் செய்ய முடியாதா என்ற கேள்வி அவரை விடவில்லை. 1937-ல், டயர் கம்பெனியான பிரெல்லியின் உதவியோடு, ஆழமான பற்கள் வைத்த ரப்பர் சோலை உருவாக்கினார். பெயர் கர்ரர்மாதோ. இத்தாலிய மொழியில் ராணுவ டாங்கி என்று பொருள். அவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் விப்ரம் என்ற கம்பெனிப் பெயர் வந்தது. 1954-ல் உலகின் இரண்டாவது உயரமான கே2 சிகரத்தில் முதன்முதலாகக் கால் வைத்த இத்தாலியர்கள் அந்தச் சோலோடுதான் ஏறினார்கள்.

ரப்பர் ஏன் பிடிக்கிறது? உங்கள் அழிரப்பரைச் சுவரில் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். பிறகு ஒரு மரக்கட்டையைத் தள்ளிப் பாருங்கள். சொரசொரப்பான பரப்பில் குட்டிக் குட்டிக் குழிகள் இருக்கின்றன. மரம் அவற்றின் மேலே மிதந்து போய்விடும். ரப்பர் அமுங்கி ஒவ்வொரு குழிக்குள்ளும் இறங்கிவிடும். அங்கிருந்து அதை இழுப்பது கஷ்டம். மென்மையான ரப்பர் இன்னும் நன்றாக இறங்கும். ஆனால் அழிரப்பர் மாதிரியே சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர் நாள்பட உழைக்கும், பிடிமானம் குறையும். நல்ல சோல் என்பது இந்த இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம்தான். பற்களுக்கு நடுவே இருக்கும் வாய்க்கால்கள் வழியே தண்ணீரும் சேறும் வெளியேறும். இடைவெளி குறுகலாக இருந்தால் சேறு அப்பிக்கொண்டு, பல் இருந்தும் பொக்கைவாய் ஆகிவிடும். பாசி பிடித்த ஈரப்பாறையில் மட்டும் எவ்வளவு நல்ல சோலையும் நம்பாதீர்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகள் ரப்பர் பாலைப் பார்த்திருப்பீர்கள். அதை அப்படியே காயவைத்துச் சோல் செய்தால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் உடையும். அதன் மூலக்கூறுகள் இடியாப்பம் மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். 1839-ல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கியபோது, கந்தகம் ஒவ்வொரு இடியாப்ப நூலையும் பக்கத்து நூலோடு முடிச்சுப் போட்டுவிட்டது. இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும், வெயிலில் உருகாது. கண்டுபிடித்த மனிதர் பணக்காரர் ஆகவில்லை. கடனாளியாகத்தான் இறந்தார். அந்தப் பெயரில் இருக்கும் டயர் கம்பெனியைத் தொடங்கியது வேறு யாரோ.

மேல்தோலுக்கு வருவோம். மாட்டுத்தோலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் கொலாஜன் இழைகள் பின்னிக்கொண்டு கிடக்கும். முடி இருந்த மேல்பக்கம் பின்னல் நெருக்கமானது. உள்ளே போகப் போகத் தளர்வு. மேல்பக்கத்தைச் சீவாமல் செய்த பூட்ஸ் உராய்வையும் தண்ணீரையும் தாங்கும். உள்பக்கத் தோலில் செய்தது விலை மலிவு, ஆயுளும் குறைவு. தோல் அழுகாமல் இருக்க இந்த இழைகளை இன்னொரு பொருளால் கட்டிவைப்பதுதான் பதனிடுதல். நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் காலங்காலமாக அந்த வேலையைச் செய்தன. இன்று பெரும்பாலும் குரோமிய உப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்றால் தோல்தொழில் செய்யும் எல்லா நாட்டுக்காரர்களுக்கும் தெரியும். இதற்காகவே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1948-லிருந்து சென்னை அடையாற்றில் இயங்குகிறது.

தோலோ துணியோ, தையல்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தையலும் நூல் அறுவதற்கு ஓர் இடம், தண்ணீர் நுழைவதற்கு ஆயிரம் ஊசித் துளை. அக்கா மகள் எடுத்த பச்சை ஆரஞ்சு பூட்ஸில் அலங்காரத்துக்காக ஒட்டுப்போட்ட துண்டுகள் மட்டும் பதினொன்று இருந்தன. முகம் வாடிப்போய் அதை வைத்துவிட்டு வந்தாள்.

"அப்ப கனமா இருக்கிறதா பாத்து வாங்கலாமா மாமா? அதுதானே ஸ்ட்ராங்கா இருக்கும்?"

அதுவும் தப்பு. முதுகில் இருக்கும் பை ஓரளவு ஒரே வேகத்தில் நகர்கிறது. கால் அப்படியில்லை. ஒவ்வொரு எட்டிலும் நிற்கிறது, கிளம்புகிறது, வேகமெடுக்கிறது, மறுபடி நிற்கிறது. சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் பஸ்ஸுக்கு டீசல் அதிகம் ஆவது மாதிரி. காலில் ஏறும் 1 கிலோ, முதுகில் ஏறும் 5 கிலோ அளவுக்குச் சோர்வு தரும் என்பது மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. முறுக்காத பூட்ஸ்களை வரிசையாக வைத்து, அவற்றில் எடை குறைந்ததை எடுக்க வேண்டும்.

கடைசியாக அளவு. கடைக்கு மாலையில் போங்கள். நாள் முழுவதும் நின்று நடந்த பாதம் காலையைவிடச் சற்று வீங்கியிருக்கும். மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலையில் போடப்போகும் கனமான சாக்ஸையே கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். பருத்தி சாக்ஸ் வேண்டாம். அது வியர்வையைக் குடித்துவிட்டு விடாது, ஈரத்தோல் ஒட்டி ஒட்டி இழுபடும். தோலின் மேலடுக்கு ஒரு பக்கமும் உள்ளடுக்கு இன்னொரு பக்கமும் இழுபட்டு, நடுவில் பிரிந்து நீர் கோத்துக்கொள்வதுதான் கொப்புளம். லேஸைக் கட்டிக்கொண்டு கடையில் சரிவுப் பலகை இருந்தால் அதில் இறங்குங்கள், இல்லையென்றால் மாடிப்படியில் இறங்குங்கள். விரல்நுனி முன்னால் போய் இடிக்கக் கூடாது, குதிகால் உள்ளே தூக்கிக்கொள்ளக் கூடாது.

இந்த இடத்தில்தான் என் அக்கா குறுக்கிட்டாள். "வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெருசா வாங்குடா, பிளஸ் டூ வரைக்கும் வரும்." பள்ளிச் சீருடைக்கு அது சரி. பூட்ஸ் பெரிதாக இருந்தால், அது மடியும் இடமும் விரல் மடியும் இடமும் பொருந்தாது. குதிகால் உள்ளே ஏறி இறங்கி முதல் மணி நேரத்திலேயே கொப்புளம் வரும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். அக்கா அரைமனதோடு சம்மதித்தாள். பழுப்பு நிறத்தில், பார்க்க ஒன்றுமே இல்லாத ஒரு ஜோடி வாங்கினோம். முகாமுக்கு முந்தின இரண்டு வாரமும் அதைப் போட்டுக்கொண்டுதான் டியூஷனுக்குப் போனாள். தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். முகாமில் கொப்புளம் வராத நாலு பேரில் அவளும் ஒருத்தி.

என் முதலைகளைத் தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொடுத்தேன். நுரையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது சோல் ஒட்டி, சுற்றிலும் தைத்துக் கொடுத்தார். இப்போது அதைப் பெட்டியில் வைப்பதில்லை, வாசல் பக்கம் காற்றாட வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் அப்பாவுடையதோ அம்மாவுடையதோ பழைய ஷூ கிடந்தால், எடுத்து அதன் நடு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மாவு மாதிரி உதிர்ந்தால், வாங்கி எத்தனை வருடம் ஆயிற்று, எங்கே வைத்திருந்தீர்கள் என்று ஒரு தபால் அட்டையில் எனக்கு எழுதுங்கள்.