ஒல்லி உடம்புக்குள் ஒளிந்திருக்கும் கொழுப்பு

லண்டன் டாக்டர் ஜான் யூட்கின், புனே டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் இருவருமே ஒல்லி. உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. ஆனால் உடலில் கொழுப்பின் பங்கு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கோ 21.2. 2004ல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்தையும் போட்டு இருவரும் வெளியிட்ட இந்தக் கணக்கு, எடை மெஷினை நம்பும் இந்தியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய். அவர்கள் எல்லோரும் குண்டர்கள் அல்ல.

கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் விஷயம். அதைப் பங்கிடுபவை லிப்பேஸ் என்ற என்சைம்கள். சாப்பாட்டிலுள்ள கொழுப்பைக் குடலில் உடைப்பது கணையம் சுரக்கும் லிப்பேஸ். (இன்சுலினும் கணையத்தின் சரக்குதான்.) உடைந்த கொழுப்பு மீண்டும் ட்ரைகிளிசரைடாகச் சேர்ந்து ரத்தத்துக்கு வருகிறது. அங்கே காத்திருப்பது லிப்போபுரோட்டீன் லிப்பேஸ். தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உற்பத்தியாகி, நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, ட்ரைகிளிசரைடை வெட்டி அந்தந்தத் திசுவுக்குத் தருவது இதன் வேலை. சாப்பிட்டதும் கொழுப்புத் திசுவில் இந்த என்சைமை முடுக்கிவிடுவது இன்சுலின். உபரிக் கொழுப்பு பத்திரமாகக் கிடங்குக்குப் போகிறது.

இன்சுலினின் சொல்லுக்கு செல்கள் செவிசாய்க்காதபோது இந்த ஏற்பாடு குலைகிறது. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு தேங்குகிறது. கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பு படிகிறது. அப்படிப் படிந்ததே இன்சுலினை மேலும் செயலிழக்கச் செய்கிறது. 2001ல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் தசையில் மட்டும் இந்த என்சைமை அதிகமாக்கினார்கள். தசையில் கொழுப்பு குவிந்தது. அங்கே இன்சுலின் எடுபடவில்லை.

கணைய லிப்பேஸைத் தடுக்கும் ஆர்லிஸ்டாட் மாத்திரை, சாப்பிட்ட கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தை உடலில் சேரவிடாது. ஸ்வீடனில் 3,305 பேரிடம் நான்கு ஆண்டுகள் நடந்த சோதனையில், மாத்திரை சாப்பிட்டவர்களில் 6.2 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 9 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்தது. ஆனால் எண்ணெய் வழியும் மலம் என்ற சங்கடம் உண்டு. தவிர, அவர்கள் எல்லோரும் பருமனானவர்கள். யாக்னிக் மாதிரி ஒல்லிகளுக்கான மருந்தல்ல இது.

ஒல்லிகளுக்கு உதவக்கூடியவை இஞ்ச் டேப்பும் (இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள், பெண்களுக்கு 80க்குள்) ட்ரைகிளிசரைடு பரிசோதனையும்தான். பிறகு, நடை. உழைக்கும் தசை வாங்கிய கொழுப்பை எரித்துவிடும். எலிகளின் பின்னங்கால்களுக்கு வேலை தராமல் வைத்த 2003ம் ஆண்டு ஆய்வில், ஒரே நாளுக்குள் கால் தசையில் இந்த என்சைமின் செயல்பாடு சரிந்தது. மெதுவாக நடக்கவிட்டதும் சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது.